காதால் வாசிக்கும் தன்வரலாறுகள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பல ஆண்டுகளாக அபுனைவு நூல்களில் பெரும்பகுதியை ஒலிப்புத்தகமாகவே கேட்டு வருகிறேன். தன்வரலாறு, வரலாறு, அறிவியல், உளவியல் என எல்லா வகையும் இதில் உண்டு. இவ்வளவு காலம் கேட்டதில் ஒன்று எனக்கு உறுதியாகியிருக்கிறது. ஒரு நூல் காதுக்கு ஏற்றதா என்பதற்கும் அதன் பொருள் எளிதா கடினமா என்பதற்கும் பெரிய தொடர்பில்லை. நூல் காலவரிசையில் நகர்கிறதா, வாதவரிசையில் நகர்கிறதா என்பதே முக்கியம். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிச் செல்லும் நூலை எத்தனை மணி நேரமானாலும் காது தொடர்ந்துவிடும். ஓர் அத்தியாயத்தில் வகுத்த கருத்தை ஐந்து அத்தியாயங்கள் கழித்து எடுத்தாண்டு, விதிவிலக்குகளைச் சொல்லி, அட்டவணையைக் காட்டி நிறுவும் நூலுக்குக் கண்ணும் பின்னோக்கிப் புரட்டும் விரலும் தேவைப்படுகின்றன.

மனம் எப்படி முடிவெடுக்கிறது என்பதைப் பற்றி உளவியலாளர் டேனியல் கானமன் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ (2011) இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும் இந்நூல் வாசகரிடம் அடிக்கடி கேள்வி கேட்கிறது. மட்டையும் பந்தும் சேர்ந்து 1.10 டாலர், மட்டை பந்தைவிட 1 டாலர் அதிகம், பந்தின் விலை என்ன என்ற புகழ்பெற்ற கணக்கு அதில் வருகிறது. மனம் அவசரமாக ஒரு தவறான விடையைச் சொல்வதை நாமே உணர்ந்து, நின்று, திருத்திக்கொள்வதில்தான் அந்தப் பகுதியின் பயன் முழுவதும் இருக்கிறது. அச்சில் நாம் நிற்கும் வரை பக்கமும் நிற்கும். ஒலியில் வாசிப்பவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார். நிறுத்தும் பொத்தானை அழுத்தலாம்தான். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அழுத்த வேண்டியிருந்தால் அந்த நூலை அச்சில் படிப்பதே முறை.

இது தனிப்பட்ட உணர்வு மட்டுமல்ல என்று நினைக்க இடமிருக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பாடக் கட்டுரையை ஒலிவடிவில் கேட்ட மாணவர்கள், அதையே படித்த மாணவர்களைவிடத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். 2016இல் வெளியான இன்னோர் ஆய்விலோ கேட்டவர்களுக்கும் திரையில் படித்தவர்களுக்கும் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாவது ஆய்வில் பயன்படுத்தப்பட்டது, ஒலிம்பிக் ஓட்டவீரராக இருந்து போர்க்கைதியான லூயி சாம்பரீனியின் வாழ்க்கையைச் சொல்லும் ‘அன்புரோக்கன்’ நூலின் ஒரு பகுதி. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை என்றாலும், இரண்டு முடிவுகளும் வேறுபட்டதற்கு நூலின் தன்மையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தன்வரலாற்றுக்கு இந்தக் காலவரிசையோடு இன்னொரு பலமும் சேர்ந்துகொள்கிறது: எழுதியவரே வாசிப்பது. நகைச்சுவைக் கலைஞர் டிரெவர் நோவாவின் ‘பார்ன் எ கிரைம்’ (2016) நூலை அச்சில் படித்தவர்களும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று தயங்காமல் சொல்வேன். கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் இடையிலான உறவைச் சட்டம் குற்றமாக வைத்திருந்த தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவருக்கு, எதிரே நிற்பவரின் மொழியில் பேசத் தெரிந்ததே பல இடங்களில் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. அச்சில் ஷோசா, சூலு மொழி வரிகளைக் கண் எழுத்துக்கூட்டாமல் தாண்டிவிடுகிறது. ஒலியில் தாண்ட முடியாது. ஷோசாவின் சொடுக்கொலிகளோடு அவர் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் கேட்கும்போதுதான், அந்த மாற்றம் எதிரே நிற்பவரின் முகத்தை எப்படி இளக்கியிருக்கும் என்பது விளங்குகிறது.

மிஷெல் ஒபாமாவின் ‘பிகமிங்’ (2018) வேறு விதம். அவரே வாசித்த அந்த 19 மணி நேரப் பதிவு 2020இல் கிராமி விருது பெற்றது. மேடைப் பேச்சின் ஏற்ற இறக்கங்களை விலக்கி, வீட்டுக்குள் பேசுவதுபோல் அவர் வாசிப்பதால், பொதுவாழ்வுக்கு முந்தைய அத்தியாயங்களே என் மனத்தில் அதிகம் தங்கின. ஆனாலும் எல்லா எழுத்தாளர்களுக்கும் இது கைவருவதில்லை. வாக்கிய முடிவுகளை விழுங்குபவர்களும், துயரமான பத்தியைச் செய்தி வாசிப்பதுபோல் கடந்துவிடுபவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களின் நூலைத் தேர்ந்த குரல்கலைஞரிடம் கொடுத்திருக்கலாம் என்று பலமுறை வருந்தியிருக்கிறேன்.

எழுதியவர் வாசிக்க இயலாமல் போன நூலும் உண்டு. நரம்பியல் அறுவை மருத்துவர் பால் கலாநிதி நுரையீரல் புற்றுநோயால் 2015 மார்ச்சில் மறைந்தார். ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஒலிப்பதிவில் அவருடைய பகுதியைச் சுனில் மல்ஹோத்ரா வாசிக்கிறார். மனைவி லூசி எழுதிய பின்னுரையைக் கசாண்ட்ரா கேம்ப்பெல் வாசிக்கிறார். அச்சில் அந்த இடத்தில் ஒரு தலைப்பு மாறுகிறது, அவ்வளவுதான். ஒலியில், பல மணி நேரம் பழகிய ஆண்குரல் நின்றுபோய், ஒரு பெண்குரல் அவரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசத் தொடங்குகிறது. நூல் முடிவடையாமல் நின்றது என்பதை இதைவிட நேராக உணர்த்த முடியுமா என்று தெரியவில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர ஒலிப்பதிவில் சுமார் 9,300 சொற்கள் அடங்கும். மௌன வாசிப்பு இதைவிட விரைவானது. ஆகவே வரலாற்று நூல்களை 1.25 மடங்கு வேகத்தில் கேட்பதில் எனக்கு இழப்பு தெரிந்ததில்லை. எழுதியவரே வாசிக்கும் தன்வரலாற்றை மட்டும் இயல்பான வேகத்திலேயே கேட்கிறேன். வேகம் கூடும்போது சொற்களோடு இடைவெளிகளும் சுருங்குகின்றன. தாயின் மரணத்தைச் சொல்வதற்கு முன் ஒருவர் எடுத்துக்கொள்ளும் இரண்டு நொடித் தயக்கமும் அந்த நூலின் பகுதியே.

நீளம் ஒரு தடையே அல்ல. ராபர்ட் கேரோ எழுதிய ‘தி பவர் புரோக்கர்’ (1974), நியூயார்க்கின் சாலைகளையும் பாலங்களையும் பூங்காக்களையும் பல பதிற்றாண்டுகள் தன் கைப்பிடியில் வைத்திருந்த ராபர்ட் மோசஸின் வாழ்க்கை. ஒலிவடிவில் ஏறத்தாழ 66 மணி நேரம். ஒரு மனிதரின் வாழ்க்கையோடு நகர்வதால் அது தொடரக்கூடியதாகவே இருக்கிறது. சிரமம் பெயர்களில்தான். பல மணி நேரத்துக்கு முன் ஒருமுறை வந்துபோன அதிகாரி திரும்ப வரும்போது, அவர் யார் என்று தேடிப் பார்க்கச் செயலியில் வழியில்லை. இத்தகைய நூல்களுக்கு மின்னூலையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.

வரைபடங்களையும் படங்களையும் பல பதிப்பகங்கள் தனிப் பிடிஎஃப் கோப்பாகத் தருகின்றன. அடிக்குறிப்புகள் பெரும்பாலும் விடுபட்டுவிடுகின்றன. இதைவிட எளிதாகச் சரிசெய்யக்கூடிய குறை இன்னொன்று உண்டு. பல ஒலிப்புத்தகங்களின் பொருளடக்கத்தில் அத்தியாயத் தலைப்புகள் இல்லாமல் வெறும் எண்கள் மட்டுமே இருக்கின்றன. கேட்ட பகுதி ஒன்றுக்குத் திரும்ப விரும்பும் வாசகருக்கு ‘அத்தியாயம் 14’ என்பது எதையும் சொல்வதில்லை. நூலில் ஏற்கெனவே உள்ள தலைப்புகளை அங்கே இடுவதற்குப் பதிப்பகங்களுக்குக் கூடுதல் ஒலிப்பதிவு ஒரு நொடியும் தேவையில்லை.