கிளிமூக்கா, சில்க்கியா, பிரம்மாவா?

அழகுக்குக் கோழி வளர்க்க ஆசைப்பட்டு, எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஜோடி விலையையும் தீவனச் செலவையும்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு ஒன்றை: குஞ்சு எத்தனை நாளில் முகம் காட்டும்? கண்காட்சிக்கு வளர்ப்பதில் பாதி வேலை தேறாததைக் கழிப்பதுதான். இருபது குஞ்சு இறங்கினால் தேறுவது ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்று எது என்று தெரியும்வரை இருபதுக்கும் இடம் கொடுக்க வேண்டும், தீனி போட வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். காசு கரைவது அங்கேதான்.

முதலில் நம்மூர்க் கிளிமூக்கு விசிறிவால். அசில் என்ற சண்டைக்கோழி வம்சம். திண்டுக்கல் வட்டாரத்தில் இதற்கென்றே கண்காட்சி வைக்கிறார்கள். நல்ல சேவலுக்கு லட்சத்தில் விலை சொல்கிறார்கள். மூக்கு தடித்துக் குட்டையாக, கிளிக்கு இருப்பதுபோல் கீழே வளைந்திருக்க வேண்டும். முழி வெளுத்திருக்க வேண்டும். வால் நீண்டு விசிறியாக விரிய வேண்டும். காகம், வல்லூறு, மயில், கீரி என்று நிறத்துக்கு ஒரு பெயர் சொல்லி ஆளாளுக்கு மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்கவே கண்காட்சிக்குப் போகலாம்.

சிக்கல் என்னவென்றால், மூக்கு, முழி, வால் மூன்றுமே சாவகாசமாகத்தான் வரும். முழி வயது ஏற ஏறத்தான் வெளுக்கும். வாலின் உண்மையான நீளம் ஒரு வயது தாண்டி, இறகு உதிர்த்து மறுபடி முளைத்த பிறகே தெரியும். அசில் பட்டாக்களோ, அதாவது இளஞ்சேவல்களோ, நாலைந்து மாதத்திலேயே ஒன்றையொன்று கொத்திக் கிழிக்க ஆரம்பித்துவிடும். ஆக, எது தேறும் என்று தெரியாமலே ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கவில்லை. மூக்கு சரியில்லை என்று ஏழு மாதத்தில் ஒரு கீரிச் சேவலைக் கறி விலைக்கே தள்ளிவிட்டேன். அடுத்த வருடம் கண்காட்சியில் அதே சேவல், இடது காலில் பழைய தழும்போடு, வால் தரையில் புரள நின்றது. வாங்கியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

வால் வளர்ப்பதில் ஜப்பான்காரர்களின் ஓனகதோரி இன்னும் ஒரு படி மேலே. அதன் சேவலுக்குச் சில வால் இறகுகள் உதிர்வதே இல்லை, வளர்ந்துகொண்டே போகும். அது கெடாமல் இருக்க உயரமான குறுகிய பெட்டியில் நிறுத்தி வளர்க்கிறார்கள். நமக்கு அந்த வம்பு வேண்டாம். மணல் பரப்பும் உயரமான குச்சியும் போதும்.

பஞ்சு மாதிரி இறகுள்ள சில்க்கி கிளிமூக்குக்கு நேர் எதிர். முட்டையை விட்டு வந்த அன்றே பாதி ஜாதகத்தைச் சொல்லிவிடும். காலைத் தூக்கிப் பாருங்கள்: ஐந்து விரல் இருக்க வேண்டும். தோல் கருத்திருக்க வேண்டும், கடக்நாத் கருங்கோழி மாதிரி. உச்சந்தலையில் சின்னப் புடைப்பு இருந்தால் பிற்பாடு இறகுக் கொண்டை நன்றாக வரும். நாலு விரல் குஞ்சை அன்றைக்கே ஒதுக்கிவிடலாம். சேவலா பெட்டையா என்பது மட்டும் மாதக்கணக்கில் பிடிபடாது.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பஞ்சு இறகு ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சில்க்கியை நாட்டுக்கோழியோடு சேர்த்தால் முதல் தலைமுறை சாதாரண இறகோடுதான் வரும். அவற்றை அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் நாலில் ஒன்று பஞ்சாகப் பிறக்கும். அப்படிப்பட்டவை சந்தையில் சில்க்கி என்றே விற்பனைக்கு வரும். நான் முதலில் வாங்கிய ஜோடியில் பெட்டைக்கு வலது காலில் ஐந்து விரல், இடது காலில் நாலு. முகம் வேறு சிவப்பு. வாங்கும்போது இறகைத் தடவிப் பார்த்தேனே தவிர காலைப் பார்க்கவில்லை.

சில்க்கியின் உழைப்பு கடைசி இரண்டு நாளில் இருக்கிறது. இறகு இழைகளைப் பிணைக்கும் நுண்ணிய கொக்கிகள் இல்லாததால் தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடாது, நேரே தோலுக்கு இறங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் குழந்தை ஷாம்பு போட்டு அமுக்கினால், பந்துபோல் இருந்த கோழி கைப்பிடிக் கருவாடாகச் சுருங்கும். மூன்று முறை அலசி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து அடிவயிறு வரை காய வைக்க வேண்டும். பாதியில் விட்டால் சளி பிடிக்கும். வெள்ளை சில்க்கி என்றால் வெயிலில் திரிந்தாலே மஞ்சள் ஏறும், மழைக்காலத்தில் சேறு. தரையில் நெல் உமி பரப்பியே ஓய்ந்துவிடுவோம்.

பிரம்மா இரண்டுக்கும் நடுவில். பெயரைப் பார்த்து நம்மூர்ச் சரக்கு என்று பெருமைப்பட வேண்டாம். பிரம்மபுத்திராவின் பெயரைச் சூட்டினார்களே தவிர, ஷாங்காயிலிருந்து வந்த பெரிய கோழிகளை வைத்து அமெரிக்காவில் உருவாக்கியது. 1852-ல் ஜார்ஜ் பர்னம் என்பவர் ஒன்பது கோழிகளை விக்டோரியா மகாராணிக்கு அனுப்பி வைத்தார். விளம்பரம் என்றால் அதுதான். இங்கிலாந்தில் 1849 சட்டம் சேவல் சண்டையை இறுக்கிய காலமும் அதுவே. களத்துக்குப் போன ஆசை கண்காட்சிக் கூண்டுக்குத் திரும்பியது. 1960-ன் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் அசில்காரர்களில் பலர் வால் பக்கம் திரும்பியதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பிரம்மாக் குஞ்சின் நடுவிரலில் பஞ்சு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடலாம், மூன்று வரிப் பட்டாணிக் கொண்டையும் அன்றே தெரியும். உடம்புதான் தாமதம். அமெரிக்க அளவுகோலில் சேவல் ஐந்தரைக் கிலோ தொட வேண்டும். அதற்கு ஒன்றரை வருடம் ஆகும். ஆனால் சேவல்கள் சாது, ஒரே கொட்டகையில் நாலைந்து நிற்கும். காத்திருப்பது அசிலைப் போலக் கடினமில்லை. நம் சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், கால் இறகுக்குள் செதில் பூச்சி புகும். மலையடிவாரமோ நல்ல நிழலோ இல்லாதவர்கள் இறங்க வேண்டாம் என்பது என் கட்சி.

செப்ரைட் பாண்டம் என்ற குட்டிக் கோழி பற்றி இரண்டு வரி போதும். சேவலுக்கும் பெட்டையின் இறகமைப்பு, ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பு ஓரம், பார்க்க நகை மாதிரி. கருத்தரிப்பு மோசம், மேரக்ஸ் நோய் எளிதில் தாக்கும். முதல் கோழியாக வேண்டவே வேண்டாம். சுருட்டை இறகு ஃப்ரிசிலில் இரண்டு சுருட்டையைச் சேர்த்தால் நாலில் ஒன்று இறகு முறிந்து மொட்டையாகும். எப்போதும் ஒரு பக்கம் நேர் இறகு வேண்டும்.

வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு இவை எல்லாமே ஒன்றுதான். ஏழாம் நாள் சொட்டு மருந்தையும், எட்டாவது வாரம் ஊசியையும் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, என் தேர்வு? புதிதாக வருபவர், பத்துக்குப் பத்து இடம், ஒரு வருடப் பொறுமை என்றால் சில்க்கி. கூண்டு கட்ட இடமும், நாலு வருடம் தோற்கத் துணிவும் இருந்தால் கிளிமூக்கு. ஜெயித்தால் அதற்கு ஈடில்லை. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன், அதிலும் ஒரு சுயநலம் உண்டு. சில்க்கிப் பெட்டை மாதிரி அடைக்குப் படுக்கும் கோழி கிடையாது. இப்போது கொட்டகை மூலையில் அந்த நாலரை விரல் பெட்டை ஆறு கிளிமூக்கு முட்டை மேல் படுத்திருக்கிறது. பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்னும் ஒன்பது.