கரப்பான் ஜெல் வாங்கலாமா? எங்கள் சமையலறை அனுபவம்

கரப்பான் தின்று சாகட்டும் என்று சொட்டுச் சொட்டாக வைக்கும் பசை மருந்துதான் கரப்பான் ஜெல். "இந்த ஜெல் நிஜமாவே வேலை செய்யுதா?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார். செய்கிறது. ஆனால் அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து வைத்தால் செய்யாது. என் கோபமெல்லாம் அந்தப் படத்தின் மேல்தான். நடுத்தரையில் ஒரு பெரிய கரப்பான், அதன் முன்னால் ஒரு சொட்டு!

சமையலறையைப் பிடித்து ஆட்டுவது அந்தச் சாக்கடைக் கரப்பான் அல்ல. அரை அங்குலம் போல இருக்கும் வெளிர்பழுப்பு ஜாதி, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு, ஜெர்மன் கரப்பான். பெயர்தான் ஜெர்மன். பூர்வீகம் இந்தியா அல்லது மியான்மர் பக்கம் என்று 2024இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது.

அது திறந்த இடத்தில் தங்காது. முதுகும் வயிறும் ஒருசேர உரசும் இடுக்குதான் அதற்குப் பிடிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் கிளம்பவே கிளம்பாது. பிரிட்ஜ் பழுதுபார்க்க வந்தவர் பின்பக்கத்தைக் கழற்றியபோது, கம்ப்ரசரை ஒட்டிய சின்ன டப்பாவுக்குள் ஒரு கூட்டமே இருந்தது. அன்றிலிருந்து மிக்ஸியின் அடிப்பக்கம், அலமாரிக் கீல், பிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பு, சிங்குக்கடியில் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை என்று தேடித் தேடிக் கடுகளவு வைக்கிறேன். மிளகுத்தூள் சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளிகள், அதாவது கரப்பான் எச்சம், கிடந்தால் அங்கேயே வைத்துவிடலாம்.

ஜெல்லைத் தின்றதும் கரப்பான் அங்கேயே சாவதில்லை. இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகிறது. அதன் எச்சத்தையும் உடம்பையும் தின்னும் குஞ்சுகளும் சாகின்றன. ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 குஞ்சு பொரிக்கும் பூச்சி இது. ஸ்ப்ரே எட்டாத இடத்துக்கு அதுவே மருந்தைச் சுமந்து போவதைக் கண்டு அசந்துபோனேன்.

வெயில் காலத்தில் அடுப்புப் பக்கம் வைத்த சொட்டு சீக்கிரமே இறுகிவிடும், மாற்ற வேண்டும். பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. இதைத் தமிழில் ஒரு வரி அச்சடிக்கக் கூடாதா? இது விஷம். குழந்தை தவழும் வீட்டில் எங்கே வைக்கக் கூடாது என்பதுகூடப் பொடி எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. என் அம்மா வாங்கியிருந்தால் எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்?

மருந்துக்கு முழு மதிப்பெண் தரலாம். அந்த அட்டையைப் பார்த்தால் மனசு வரவில்லை. இரண்டு நட்சத்திரம்தான். தீர்ந்ததும் இதையேதான் வாங்குவேன்.