ஊசியா மாத்திரையா, ஓய்வா நடையா: பி12 ரத்தசோகை தேறும் மாதங்களில் விடாத அசதி

பி12 வைட்டமின் குறைவால் வந்த ரத்தசோகைக்கு மருந்து தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஹீமோகுளோபின் 8-லிருந்து 11-க்கு வந்திருக்கும். ஆனாலும் மாம்பலம் ஸ்டேஷன் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். மதியம் இரண்டு மணிக்குக் கண் சொருகும். "ரத்தம் ஏறிடுச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் இப்படி அசத்துது?" என்று கேட்காதவர்கள் குறைவு. ரத்தமும் நரம்பும் தசையும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. மருந்து உள்ளே போன மூன்று முதல் ஐந்து நாளில் எலும்பு மஜ்ஜை புதுச் செல்களை வெளியே விடத் தொடங்கிவிடும். ஹீமோகுளோபின் நிறைய ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். கால் மரப்பும் தடுமாற்றமும் மறதியும் குறைய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அசதியால் படுத்தே கிடந்ததில் தளர்ந்த தசையோ, வேலை கொடுத்தால்தான் திரும்பும். இந்த இடைப்பட்ட காலத்தில் எதிரெதிராக வந்து நிற்கும் வழிகளைத்தான் இங்கே எடைபோடுகிறோம்.

ஊசியா, மாத்திரையா

ஊசிதான் வேலை செய்யும், மாத்திரை சும்மா என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. அது பாதிதான் சரி. உணவில் உள்ள பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். அதைக் கைப்பிடித்து அழைத்துப்போக வயிறு சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். உறிஞ்ச சிறுகுடலின் கடைசிப் பகுதி நன்றாக இருக்க வேண்டும். இதில் எது பழுதானாலும் சத்து ஏறாது. ஆனால் இந்த வழி மொத்தமாக அடைத்திருந்தாலும், விழுங்கிய அளவில் சுமார் நூறில் ஒரு பங்கு தானாகவே குடல் சுவர் வழியே கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் அது 10 மைக்ரோகிராம். நாள் தேவையோ இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கணக்கு இடிக்கவில்லை.

இடிக்கும் இடம் அளவுதான். மருந்துக்கடையில் "சத்து மாத்திரை" என்று கேட்டால் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் பலவற்றில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம்தான். உறிஞ்சும் வழி அடைத்தவருக்கு அதில் 0.15 மைக்ரோகிராம்தான் தேறும். மூன்று மாதம் விழுங்கினாலும் பயன் இருக்காது. அட்டையின் பின்பக்கத்தில் சயனோகோபாலமின் அல்லது மெத்தில்கோபாலமின் (இரண்டும் பி12-இன் வடிவங்களே) என்ற பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கை கால் மரப்பு, நடையில் தள்ளாட்டம், மிகக் குறைந்த ஹீமோகுளோபின், ஓயாத பேதி, வயிறு அல்லது குடல் அறுவை இவற்றில் எது இருந்தாலும் ஊசியிலேயே தொடங்குவது நல்லது. 1000 மைக்ரோகிராம் வீதம் தினமோ ஒருநாள் விட்டோ ஒன்றிரண்டு வாரம், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று போவது பரவலான முறை. இடைவெளியை மருத்துவர் தீர்மானிப்பார்.

ஊசியில் அதிகம் நடக்கும் தவறு, ஐந்து போட்டதும் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவது. ஆரோக்கியமான உடம்பின் கையிருப்பே 2000 முதல் 5000 மைக்ரோகிராம் இருக்கும். ஐந்து ஊசியில் போனது 5000. அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். கையிருப்பு நிறையாமலே நிறுத்தினால், சில மாதங்களில் அதே அசதி திரும்பும். மாத்திரையில் நடக்கும் தவறு மறதி. காலையில் பல் தேய்க்கும் இடத்தில் அட்டையை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மெத்திலா சயனோவா என்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம். உடம்பு இரண்டையும் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் மெத்தில்கோபாலமினோடு ப்ரீகாபலின் சேர்ந்த மாத்திரையை மட்டும் கவனியுங்கள். அது நரம்பு வலிக்கானது. தூக்கமும் தலைச்சுற்றலும் தரும். பி12 மாத்திரை என்று நினைத்து அதைக் காலையில் போட்டுவிட்டு, நாள் முழுக்க அசத்துகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. திடீரென்று நிறுத்தாமல், இது எனக்குத் தேவையா, இரவுக்கு மாற்றலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

பி12 மட்டுமா, இரும்பும் சேர்த்தா

எங்களைக் கேட்டால், அசதி விடாமல் தொடர்கிறது என்றதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மஜ்ஜை வேகம் பிடித்ததும் இருந்த இரும்பையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மாதவிடாய் அதிகம் உள்ள பெண்களுக்கு அந்தக் கையிருப்பு முன்பே காலி. ஹீமோகுளோபின் 10.5-லேயே நின்றுவிடும், 110 இருந்த எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழே சரியும். இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் பி12 எவ்வளவு ஏற்றினாலும் எண் நகராது.

இரும்பு மாத்திரையைத் தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உறிஞ்சும் பங்கு கூடும், வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலும் குறையும். ஃபில்டர் காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக விழுங்குவது ஆபத்து: ரத்தம் தேறியதுபோல் காட்டும், உள்ளே பி12 இல்லாமல் நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

ஊசி போட்ட பிறகு பி12 அளவை மறுபடி சோதிப்பது வீண் செலவு. 2000-க்கு மேல் காட்டும், அவ்வளவுதான். பி12 வேலை செய்கிறதா என்று பார்க்க முழு ரத்தப் பரிசோதனையே போதும்.

சாப்பாடா, மருந்தா

குறைவைச் சரிசெய்ய மருந்து. சரியானதைக் காப்பாற்றச் சாப்பாடு. முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட், மாதுளை எதிலும் பி12 கிடையாது. அரை லிட்டர் ஆவின் பால் ஒருநாள் தேவையை ஏறக்குறைய தொடும். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம் அளவு. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி நூறு கிராமில் எட்டு மைக்ரோகிராம் வரை இருக்கும். ஆட்டு ஈரலில் அதைப்போலப் பல மடங்கு. பழைய சோற்றை நம்பி மருந்தை விடாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் பான்டோபிரசோல் எடுப்பவர்களுக்கு சாப்பாடு மட்டும் ஈடுகொடுக்காது. மெட்ஃபார்மினை நிறுத்தவும் வேண்டாம். பி12-ஐச் சேர்த்துக்கொண்டால் போதும்.

ஓய்வா, நடையா

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் ஓய்வுதான். அன்றே மருத்துவரைப் பாருங்கள். 10-ஐத் தாண்டிய பிறகும் படுத்தே இருந்தால் அசதி கூடும். அதற்காக ஒரே நாளில் பழையபடி இறங்குவதும் தவறு. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெம்பாக இருந்ததும் வீடு முழுக்கத் துடைத்து, துணி துவைத்து, மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கினால் திங்களும் செவ்வாயும் படுக்கையில் போகும்.

மூன்று நாள், எவ்வளவு நடந்தால் தளர்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதியில் தொடங்குங்கள்: இருபது நிமிடத்தில் தளர்ந்தால் பத்து நிமிடம், காலையும் மாலையும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் எழும்போது முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் போன வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஐந்து முறை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள் செய்தால், ஸ்டேஷன் படிக்கட்டு ஏற வேண்டிய தொடைத் தசை அதில்தான் தேறும்.

சென்னை வெயிலில் நேரம் தவறினால் எல்லாம் கெடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வியர்வையில் போகும் உப்பும் நீரும்கூட அசதியாகத்தான் தெரியும். உப்புப் போட்ட நீர்மோர் உதவும், ரத்த அழுத்தம் இல்லாதவர்களுக்கு. பாதம் மரத்திருந்தால் மெரினா மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கிளிஞ்சல் குத்துவதும் தெரியாது, சமநிலையும் தவறும். நடைபாதையே போதும், மூடிய செருப்போடு.

குட்டித் தூக்கமா, காபியா? தூக்கம்தான், மூன்று மணிக்குள், அலாரம் வைத்து அரை மணிக்கு மிகாமல். மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் அசதியைக் கூட்டும்.

எட்டு வாரம் ஒழுங்காக மருந்து எடுத்து, ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் சரியாகி, நடையும் கூடாமல் அப்படியே இருந்தால் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று வீட்டில் உள்ளவரைக் கேட்டு, அந்தப் பதிலையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.