கடிக்கிற நாய்க்கு ஒரு ட்ரெய்னர்: கோவையில் எங்கள் 7 மாத அனுபவம்

எங்கள் செம்பி ஒரு கோம்பை. செந்நிற உடம்பு, கரிய முகவாய், பார்க்கவே கம்பீரமாக இருப்பாள். தேனி மாவட்டத்துக் கோம்பை என்ற ஊரின் பெயரால் வந்த இனம், காவலுக்குப் பேர் போனது. அதனாலேயே அவள் யாரைப் பார்த்துப் பாய்ந்தாலும் "கோம்பைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாரும் பேச்சை முடித்துவிடுவார்கள். போன வருடம் தை மாதம் எங்களிடம் வந்தபோது அவளுக்கு இரண்டு வயது, அதுவரை ஒரு மொட்டை மாடியில் சங்கிலியிலேயே கிடந்தவள். வடவள்ளியில் எங்கள் தெருவில் இன்னொரு நாய் தலையைக் காட்டினால் போதும், பின்னங்காலில் எழுந்து நின்று, கயிறு என் உள்ளங்கையை அறுக்கிற அளவுக்கு இழுப்பாள். வீட்டுக்கு ஆள் வந்தாலும் அதே கதைதான். மாமியார் ஹாலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

நான் இங்கே எழுதுகிற ட்ரெய்னர் எங்களுக்கு இரண்டாவது ஆள். முதலில் வந்தவர் இழுத்தால் கழுத்தைக் குத்துகிற முள்பட்டை போட்டு, உறுமினால் சுண்டி இழுக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது, நாங்களும் திருந்திவிட்டாள் என்று நம்பினோம். வைகாசியில் ஒரு காலை, பால் பாக்கெட் போட வந்த தம்பியைச் சத்தமே இல்லாமல் கெண்டைக்காலில் கடித்துவிட்டாள். குழாயடியில் 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், எல்லாத் தவணை ஊசியும் முடியும்வரை நாங்களே உடன் போனோம். செம்பிக்கு வெறிநாய்த் தடுப்பூசி சரியாகப் போட்டிருந்தது, இருந்தாலும் அந்த ஒரு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. "கிட்ட வராதே" என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே பேச்சு அந்த உறுமல். அதை அடித்து அடக்கிவிட்டோம், பயம் மட்டும் அப்படியே உள்ளே இருந்தது.

சொந்தக்காரர்களில் இரண்டு பேர் செம்பியை ஊசி போட்டுக் கொன்றுவிடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் எங்கள் கால்நடை மருத்துவர் இந்த இரண்டாவது ட்ரெய்னருடைய எண்ணைக் கொடுத்தார்.

ட்ரெய்னர் போனில் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எப்போது சாப்பிடுகிறாள், எங்கே தூங்குகிறாள், எங்கே தொட்டால் விலகுகிறாள் என்று ஒன்றுவிடாமல். கடைசிக் கேள்விக்கு நான் "காதுகிட்ட கை போனா திரும்பிக்குவா" என்றதும், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பார்த்தால் இரண்டு காதிலும் பழைய புண், உள்ளே சீழ். "வலியோட இருக்கிற நாய்க்குப் பாடம் எடுத்தா என்னங்க்கா ஏறும்?" என்றார். காது ஆறிய பிறகுதான் முதல் வகுப்பே நடந்தது.

அன்றைக்கு அவர் செம்பியைத் தொடவில்லை, நேராகப் பார்க்கவும் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் உதட்டை நக்குவதையும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பதையும், உடம்பு ஒரு நொடி கல்லாக இறுகுவதையும் பயத்தின் அடையாளமாக எனக்குக் காட்டினார். இத்தனை நாள் இதெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது.

முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். இன்னொரு நாயைப் பார்த்தும் செம்பியால் சாப்பிட முடிகிற தூரத்தில் நிற்க வேண்டும். எங்களுக்கு அது முதலில் 40 அடி எடுத்து வைக்கிற தூரம். நாய் கண்ணில் பட்ட பிறகுதான் கோழித் துண்டு, நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். இந்த வரிசை மாறக் கூடாது. பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானி பாவ்லோவின் சமாச்சாரம்தான், நாய் வந்தால் நல்லது வரும் என்று அவள் உடம்பே கற்றுக்கொள்கிறது. துண்டை வாங்க மறுத்தால் நாம் ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம், திட்டாமல் பின்னால் போய்விட வேண்டும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் கடிக்கிற நாய் உட்பட எல்லா நாய்க்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் பரிந்துரைக்கிறது. முள்பட்டை கதையை நான் சொன்னபோது ட்ரெய்னர் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டினார்.

ஏழாவது வாரம், ஒரு சாயங்காலம். தெருமுனையில் ஒரு கறுப்பு நாய் வந்து நின்றது. செம்பியின் காது விறைத்தது, வால் மேலே போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நொடி அதைப் பார்த்தாள், அப்புறம் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். "பார்த்தியா, வந்திருக்கு, எங்கே என் கோழி?" என்கிற மாதிரி. கயிறு என் கையில் தளர்ந்து தொங்கியது. நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து அழுதேன். கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு நொடியைத்தான் சொல்வேன்.

கடிக்க முடியாதபடி வாயில் மாட்டுகிற வாய்மூடியைப் பழக்கியதையும் சொல்ல வேண்டும். துணி மாதிரி வாயை இறுக்கிக் கட்டுவது ஆகாது, நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும், நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. கூடை மாதிரி இருப்பதை வாங்கி, உள்ளே தயிர் தடவி, அவளாகவே மூக்கை நுழைக்கிற வரை மூன்று வாரம் பொறுத்தோம். இப்போது அதை எடுத்தாலே வாலாட்டிக்கொண்டு வருகிறாள்.

ஐப்பசியில் தீபாவளி வெடி எங்களை ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வெடிச் சத்தம், கேஸ் சிலிண்டர்காரர், விருந்தாளி எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் அவளுக்குத் தாங்காது, அந்த மாதிரி நாளில் நடையே வேண்டாம், வீட்டுக்குள் மோப்பம் பிடித்துத் தேடுகிற விளையாட்டு போதும் என்றார். தோற்றுவிட்டோம் என்று நான் புலம்பியபோது, முதல் மாதம் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

குறைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வர இரண்டு நாள் ஆகும், தீபாவளி வாரத்தில் அது ரொம்பவே கஷ்டமாக இருந்தது. ஒரு வகுப்பு 75 நிமிடம், 1,500 ரூபாய். ஏழு மாதத்தில் 14 வகுப்பு, மொத்தம் 21,000. எல்லாராலும் முடியாது, இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று அவரிடமே சொன்னேன். மாதம் நான்கு நாய்க்கு மேல் எடுப்பதில்லை, ஆள் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால்தான் பெயர் போடவில்லை. நாயை அவரிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போகிற ஏற்பாடு கிடையாது. தினமும் காலையும் மாலையும் 15 நிமிடம் வேலை நமக்குத்தான். அதற்கு வீட்டில் ஒருவராவது தயாராக இல்லையென்றால் இந்த மாதிரி ட்ரெய்னரைக் கூப்பிடாதீர்கள்.

"முழுசா மாறிடுவாளா?" என்று முதல் நாளே கேட்டேன். "வாக்குக் கொடுக்க மாட்டேங்க்கா. பயம் குறையும், கேட்டைத் திறந்து விடுற நாயா ஆக மாட்டா" என்றார். அப்படியேதான் இருக்கிறது. இப்போதும் விருந்தாளி வந்தால் வாய்மூடி உண்டு, பூங்காவில் அவிழ்த்து விடுவதில்லை. ஆனால் மாமியார் ஹாலில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார், செம்பி அவர் காலடியில் பாயில் படுத்திருக்கிறாள். பால்காரத் தம்பி காலையில் கேட்டுக்கு வெளியே நின்று "செம்பி" என்று ஒரு குரல் கொடுப்பான், அவள் நேரே பாய்க்குப் போய் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். கோழித் துண்டை இப்போது அவன்தான் கம்பி வழியாகப் போடுகிறான்.