கீப்அவுட்டை எந்தக் கோப்பில் அனுப்பலாம்? டிஎக்ஸ்எஃப், ஸ்டெப், ஐடிஎஃப், ஐடிஎக்ஸ்

சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ வெளியில் மாட்டும் மின்னணுப் பெட்டி உப்புக்காற்றைத் தாங்க வேண்டும். அதனால் கேஸ்கெட், இறுக்கமான மூடி, உட்பக்க ரிப் (வலுவுக்கான விலா), திருகுத் தூண் எல்லாம் வரும். இவை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்டைத் தொடும் இடங்களைத் தடைப்பகுதியாக (கீப்அவுட்: பாகமோ செம்புக் கோடோ வரக் கூடாத இடம்) பெட்டியை வடிவமைக்கும் மெக்கானிக்கல் ஆள்தான் சொல்லியாக வேண்டும். எந்தக் கோப்பில் சொல்வது என்பதில்தான் குழப்பம்.

டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பில் கோடு மட்டும் போகும். எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், ட்ரேஸுக்கா (போர்டில் ஓடும் செம்புக் கோடு) பாகத்துக்கா என்பதையெல்லாம் லேயர் பெயரில் எழுதி, வாங்குபவர் கையால் மாற்ற வேண்டும். அலகு மிமீயா அங்குலமா என்று பிசகினால் வடிவம் 25.4 மடங்கு மாறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இது.

ஸ்டெப் என்ற முப்பரிமாணக் கோப்பு பார்க்க அழகு. ஆனால் அதில் ரிப் வெறும் திடப்பொருள், ட்ரேஸ் போடுவதைத் தடுக்காது. ஆல்டியம் போன்ற போர்டு வடிவமைப்பு மென்பொருள்களில் பெட்டியோடு மோதலைச் சோதிக்கலாம். கடைசிச் சரிபார்ப்புக்கு அது போதும்.

போர்டு விவரத்தை மெக்கானிக்கல், போர்டு மென்பொருள்களுக்கிடையே கைமாற்றும் ஐடிஎஃப் 3.0 பழசுதான், ஆனாலும் தடைகளை வகை பிரித்துச் சொல்லும். பாகத்தடைக்குப் பக்கமும் உயரமும் உண்டு: மேல்பக்கம், 4.5 மிமீ என்றால் அதைவிட உயரமான கெப்பாசிட்டர் அங்கே கூடாது. 0 என்றால் எதுவுமே கூடாது. ட்ரேஸ் தடையும் வயா (செம்பு அடுக்குகளை இணைக்கும் துளை) தடையும் தனித்தனிப் பிரிவுகள். வழுக்குவது இங்கேதான். எம்3 திருகுக்கு 7 மிமீ வாஷர் போட்டால், சுற்றி அரை மிமீ விட்டு 8 மிமீ வட்டம் வேண்டும். அதைப் பாகத்தடையாக மட்டும் அனுப்பினால் வாஷருக்கு அடியிலேயே ட்ரேஸ் ஓடும். இறுக்கும்போது போர்டின் மேல்பூச்சான சோல்டர் மாஸ்க் உரிந்து, செம்பு சேஸியோடு (பெட்டியின் உலோக உடல்) ஷார்ட் ஆகும். மூன்று தடையையும் ஒரே வட்டத்தில் கொடுங்கள். வட்டத்துக்கு இரண்டே புள்ளிகள்: மையம், விளிம்பு, கோணம் 360. தடையின் உரிமையாளர் 'எம்கேட்' (மெக்கானிக்கல் தரப்பு) என்று இருக்கட்டும். போர்டு பக்கம் தெரியாமல் நகர்த்துவது குறையும். காலி இடத்தில் பரப்பும் செம்பு நிரப்பலுக்குத் தனித் தடை இதில் கிடையாது. கோப்பைப் போர்டு மென்பொருளில் இறக்கியதும் அதைக் கண்ணால் பாருங்கள்.

பெட்டியின் வடிவமே வாரத்துக்கு வாரம் மாறினால் ஐடிஎக்ஸ். குறிச்சொற்களோடு எழுதிய எக்ஸ்எம்எல் உரைக் கோப்பு; மாறியதை மட்டும் அனுப்பும்; எதிர்த்தரப்பு ஏற்கலாம், மறுக்கலாம். உயரத்தைக் கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று சொல்வதால், ரிப்புக்கு அடியில் தாழ்வான பாகத்தை அனுமதிக்கலாம். ஆனால் இரு மென்பொருளும் ஒரே பதிப்பைப் பேச வேண்டும். தொடக்க நிலையை இருவரும் ஒப்புக்கொள்ளாமல் மாற்றம் அனுப்பினால் பொருந்தாது. ஒரே தடவை கைமாற்றும் சிறு பட்டறைக்கு ஐடிஎஃப்பே போதும். அதிலும் ஒரு சோதனைத் தடையைப் போட்டு, அடிப்பக்கத்தில் கண்ணாடிபோல் திரும்பாமல் வருகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.