தோப்புல மர வீடு, ட்ரீ ஹவுஸ் கிளாஸ்ரூம்னு யாராவது வந்தா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. சாயங்காலம் ஊர்ப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கறேன், 20 பேருக்கு மேல வர்றாங்க, வீட்டுத் திண்ணை பத்தல. பக்கத்து வீட்டு ஆச்சி தன்னோட தோப்பைத் தர்றேன்னாங்க. ஊரணிக்கரைய ஒட்டி புளியும் வேம்பும் இலுப்பையுமா நிக்கிற தோப்பு. "மரத்துக்கு ஒண்ணும் ஆகாம என்ன வேணா செஞ்சுக்க ஆத்தா"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அந்த வார்த்தையத்தான் என்னால காப்பாத்த முடியல.

ஒரு டிசைனர் வந்தாரு. லேப்டாப்ல படம் போட்டுக் காட்டுனாரு, இயற்கை வழிக் கட்டடம், சிமெண்ட் கிடையாது, இடிச்ச செட்டிநாட்டு வீட்டு பர்மா தேக்கு, கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய், ரெண்டு மரத்துக்கு நடுவுல 14க்கு 12 அடியில ஒரு வகுப்பறை. மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம். பாதிக்கு மேல, அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம் முன்னாடியே வாங்கிட்டாரு, நானும் சீட்டுப் பணம், சம்பளம்னு சேத்து வச்சிருந்தத எடுத்துக் குடுத்தேன். ரசீது கேட்டதுக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டாரு, அவ்வளவுதான்.

வேலை நடந்த பத்து நாளும் எனக்கு ஸ்கூல்ல பரீட்சைப் பேப்பர் திருத்துற வேலை, நான் போய்ப் பாக்கல, அது என் தப்புதான். போய்ப் பாத்தப்ப வேப்ப மரத்துல வரிசையா ஆறு அங்குல ஆணி, ஒரு சாண் இடத்துல ஒன்பது ஆணி எண்ணுனேன். அதுக்கு மேல இரும்பு ரோப்பை மரத்தச் சுத்தி ரெண்டு சுத்து சுத்தி, முடுக்கி விட்டிருக்காங்க. அடியில வேரு மேல சிமெண்ட் தளம் வேற. சிமெண்டே கிடையாதுன்னு சொன்ன மனுஷன்! கேட்டா "ஸ்ட்ராங்கா இருக்கணும்ல மேடம்"ன்னாரு. "எத்தன வெயிட் தாங்கும் சார்"னு கேட்டேன். "சின்னப் பசங்கதானே மேடம், என்ன வெயிட் இருக்கப் போகுது"ன்னாரு. அந்த பதில்லயே எனக்கு உறைச்சிருக்கணும். வகுப்பறைத் தரைக்கு இந்தியத் தர விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 300 கிலோ தாங்குற மாதிரி கணக்கு போடணும், ஐஎஸ் 875ல இருக்கு. எங்க 168 சதுர அடிக்கு அது நாலரை டன்னுக்கு மேல வரும். அவரு ஒரு கணக்கும் போடல, எந்த இன்ஜினியரும் வந்து பாக்கல.

ஆடி வந்துச்சு. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊருல ரெண்டு மரத்துக்கும் நடுவுல உத்திரத்த ரெண்டு முனையிலயும் ஆணி அடிச்சு இறுக்கி வச்சிருந்தாரு. புளி ஒரு பக்கம் ஆடும், வேம்பு வேற மாதிரி ஆடும், அதனால ஒரு முனை நகர்ந்து குடுக்கற மாதிரி விடணும், இது மர வீடு கட்டறவங்களுக்கு முதல் பாடம்னு எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது. ஒரு ராத்திரி கீச்சு கீச்சுன்னு சத்தம், காலையில போய்ப் பாத்தா நடு உத்திரம் நெடுக வெடிச்சு நிக்குது. அன்னைக்கு சனிக்கிழமை, பிள்ளைங்க பத்து மணிக்கு மேல ஏறியிருப்பாங்க. இத எழுதும்போதும் கை நடுங்குது.

எங்க ஊர் ஆசாரி ஒருத்தர், எழுபது வயசுக்கு மேல, வந்து ஒரு சட்டத்த இழைப்புளியில நாலு இழுப்பு இழைச்சு, அந்தச் சுருள என் மூக்குல வச்சாரு. "மோந்து பாரு ஆத்தா, தேக்குன்னா எண்ணெய் வாசம் அடிக்கும், இது தைல மரம், மேல சாயம் பூசிருக்கான்"னாரு. அப்புறம் டேப்ப வச்சு அளந்தாரு. டிசைனர் சொன்ன அளவு 4க்கு 3 இன்ச், கையில இருந்தது மூன்றரைக்கு ரெண்டரை. 10 அடி சட்டத்துக்கு 0.83 கன அடிக்குக் காசு வாங்கிட்டு 0.61 கன அடி மரம் குடுத்திருக்காரு, அதுவும் தேக்கு விலைக்கு தைல மரம். முந்திரிக்கொட்டை எண்ணெய்னு சொன்னது மெக்கானிக் ஷெட் கழிவு ஆயில், கைப்பிடியத் தொட்ட பிள்ளைங்க கையெல்லாம் கருப்பு. போல்ட்டெல்லாம் ஜிஐ, அதாவது துருப் பிடிக்காம துத்தநாகம் பூசின இரும்புன்னாரு, தின்னர் போட்டுத் தேச்சா வெள்ளி பெயின்ட் பஞ்சுல வந்துச்சு, உள்ள துரு.

காசு போனத விட எனக்கு அந்த மரந்தான். 2018 கஜாவுக்கே அசையாம நின்ன வேம்பு அது. ஆணி அடிச்ச இடத்துல எல்லாம் பிசின் வடிஞ்சு தேன் மாதிரி உறைஞ்சு, அதுல எறும்பு. பட்டைக்கு அடியில ஒரு மெல்லிசான அடுக்குலதான் இலை தயாரிச்ச சாப்பாடு வேருக்கு இறங்குது, ரோப்பு அத நெரிச்சா மரம் கொஞ்சம் கொஞ்சமா பட்டினி கிடக்கும், அதுவும் மரம் வருஷா வருஷம் பருக்கும், ரோப்பு பருக்காது. மரத்துக்கு நம்ம தோல் மாதிரி காயம் ஆறாது, காயத்த உள்ளயே சுவர் கட்டி அடைச்சுக்கும்னு அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோ கண்டுபிடிச்சாரு. ஒரு தடிச்ச போல்ட்டுன்னா அடைச்சுக்க முடியும், நெருக்கி நெருக்கி ஒன்பது ஆணி அடிச்சா ஒன்பது காயமும் சேந்து ஒரே பொந்தா அழுகும். மர வீட்டுக்குன்னே கழுத்து வச்ச பெரிய இரும்பு போல்ட்டு இருக்கு, உத்திரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டு மரம் பருக்க இடம் குடுக்கும். அந்த டிசைனருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல.

அதனால யாராவது வந்தா முதல்ல கேளுங்க, மரத்துல எப்படி மாட்டுவீங்க, அஞ்சு வருஷத்துல மரம் பருத்தா என்ன ஆகும், வெயிட்டுக் கணக்குல கையெழுத்து போடப் போற இன்ஜினியர் யாருன்னு. பதில் சொல்லாம படத்தக் காட்டுனா அனுப்பிருங்க. மரச் சட்டமெல்லாம் வந்து இறங்குற அன்னைக்கு டேப்போட ஒரு ஆசாரிய பக்கத்துல நிறுத்துங்க. நான் 1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் பதிஞ்சிருக்கேன், 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வாட்ஸ்அப் மெசேஜையும் வெடிச்ச உத்திரத்தோட போட்டோவையும் பத்திரமா வச்சிருக்கேன்.

ஆசாரி ஆக்ஸா பிளேடு வச்சு ரோப்பை அறுத்துட்டாரு, பட்டையில நகக்கண் ஆழத்துக்கு பள்ளம். ஆழமா இறங்குன ஆணியப் பிடுங்க வேணாம், காயம் பெருசாகும்னு விட்டுட்டோம். தெக்குப் பக்கக் கிளை ஒண்ணு காஞ்சிருச்சு. ஆச்சி என்னைய ஒரு வார்த்தை திட்டல, தினம் ஒரு குடம் தண்ணி மட்டும் ஊத்துறாங்க. இப்ப மரத்துல சாய்க்காம தனியா கல்லுக்கால் நட்டு மூணடி உயரத்துல ஒரு மேடை போடறோம், மரத்தச் சுத்தி ஒரு முழம் இடம் விட்டு.

அந்த ஆளு இப்ப காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஆர்டர் பிடிக்கறாருன்னு கேள்விப்பட்டேன். அவரு காட்டுற ஆல்பத்துல வேப்ப மரம், மஞ்சள் பெயின்ட் அடிச்ச ஏணி, ஏணியில மூணு பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிற படம் ஒண்ணு இருக்கும். அது எங்க தோப்பு. உத்திரம் வெடிக்கறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி எடுத்தது.