திருப்பூரில் நான்கு ஞாயிறு: ருத்தேனியக் குடியேறிகள் குறித்த வகுப்பு

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு மாடி அறையில் இயங்கும் சிறிய வாசகசாலை ஒன்று, இடைக்கால போலந்து நகரங்களுக்குப் பிழைக்க வந்த ருத்தேனியர்களை, அதாவது இன்றைய உக்ரைனியர், பெலாருஸ்யர் ஆகியோரின் முன்னோரைப் பற்றி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்தியது. கட்டணம் 600 ரூபாய். ஒவ்வொரு வகுப்பும் இரண்டு மணி நேரம். திருப்பூருக்கும் இந்தப் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று தயங்குபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வகுப்பு அரசர்களின் கதையாகவே கழிந்தது. போலந்து மன்னர் காசிமிர் 1349இல், இன்று மேற்கு உக்ரைனில் உள்ள லிவிவ் நகரைக் கைப்பற்றியதையும், ருத்தேனிய நிலத்தின் ஒரு பகுதி போலந்து அரசோடு இணைந்ததையும் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

வகுப்பின் உயிர் இரண்டாம் ஞாயிறுதான். போலந்தின் கிராக்கோவ் நகரில் குடியுரிமை பெற்றவர்களின் பெயரைப் பதியும் ஏடுகள் 1392 முதல் கிடைக்கின்றன. வெளியூரிலிருந்து வந்தவர் முறையான குடும்பத்தில் பிறந்ததற்குச் சான்றுக் கடிதமோ பொறுப்பேற்கும் ஆளோ காட்டி, கட்டணம் செலுத்தினால்தான் அந்த ஏட்டில் இடம்பெற முடியும். ஆசிரியர் இத்தகைய பதிவுகளைத் தமிழில் விளக்கி, ஓர் ஏட்டில் ‘லிவிவிலிருந்து வந்தவர்’ என்று இருப்பதாலேயே அவர் ருத்தேனியர் ஆகிவிட மாட்டார், அந்த ஊரில் ஜெர்மானியரும் ஆர்மீனியரும் போலந்தியரும் வாழ்ந்தார்கள், ஆகவே ஊர்ப்பெயரை வைத்து இனத்தையோ சமயத்தையோ முடிவு செய்யக் கூடாது என்று பொறுமையாக எடுத்துரைத்தார். இந்த எச்சரிக்கையைக் கேட்டபோது, ஒடிசாவிலிருந்து வந்தவரையும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவரையும் ‘இந்திக்காரர்’ என்ற ஒரே சொல்லில் நம் ஊரில் அடக்கிவிடுவது என் நினைவுக்கு வந்தது. எங்கள் கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பகுதியில் வேலை செய்யும் ஒடியப் பெண்களின் தாய்மொழி இந்தி அன்று.

மூன்றாம் வகுப்பில் லிவிவ் நகரமே மையமாக இருந்தது. ஜெர்மானிய முறையில் நகருக்குத் தன்னாட்சி தந்த 1356ஆம் ஆண்டின் மக்டபர்க் சட்டச் சாசனம், ருத்தேனியர், ஆர்மீனியர், யூதர் முதலியோர் தம் தம் வழக்குகளைத் தம் சொந்தச் சட்டப்படியே தீர்த்துக்கொள்ள இடமளித்தது. ஆனால் பிற்காலத்தில் கத்தோலிக்கரல்லாத கிழக்குத் திருச்சபையை (ஆர்த்தடாக்ஸ்) சேர்ந்த ருத்தேனியர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரைக் கொண்ட ருஸ்கா தெருவைச் சுற்றியே வாழ நேர்ந்தது. கத்தோலிக்கக் கடமைகளோடு பிணைந்திருந்த கைவினைச் சங்கங்கள் பலவற்றில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. கோயம்புத்தூரில் ஒப்பணக்கார வீதியையும் தெலுங்கு பிராமணர் வீதியையும் கடந்து போகிறவர்களுக்கு, தெருப்பெயரில் ஒரு குடியேற்றம் தங்கிவிடுவது புதிதன்று. எனினும் அந்தத் தெருவின் எல்லைக்குள்ளேயே வாழ வேண்டும் என்ற நெருக்குதலையும் இந்த வகுப்பு கண்முன் நிறுத்தியது.

இறுதி வகுப்பில் போலந்தின் லூப்ளின் நகரக் கோட்டைச் சிற்றாலயத்தின் படங்களைத் திரையில் காட்டினார்கள். கத்தோலிக்க ஆலயத்தின் கோதிக் கூரையின் கீழ், போலந்து மன்னர் யாகியெல்லோவின் விருப்பப்படி ருத்தேனிய ஓவியர்கள் 1418இல் முடித்த சுவரோவியங்களும், ஆண்ட்ரேய் என்ற ஓவியரின் பெயரைத் தாங்கிய, ருத்தேனியர் பயன்படுத்திய சிரில்லிக் எழுத்துகளும் இன்றும் இருக்கின்றன. இன்றைய உக்ரைனின் திரோகோபிச் ஊரில் பிறந்து, கிராக்கோவில் படித்து, 1481இல் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற யூரி திரோகோபிச் குறித்தும் பேசினார்கள்; மீண்டும் கிராக்கோவுக்குத் திரும்பிக் கற்பித்து 1494இல் மறைந்த அவருக்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கியிருக்கலாம்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. அச்சிட்டுத் தந்த குறிப்பேட்டில் பல இடங்களில் ‘ரஷ்யர்’ என்று போட்டிருந்தார்கள். இலத்தீன் ஏடுகளில் ‘ருஸ்ஸியா’ என்று வருவது பழைய ருஸ் நிலத்தை. ருத்தேனியரின் வழிவந்தவர்கள் இன்றைய உக்ரைனியரும் பெலாருஸ்யரும். அக்காலத்தில் மாஸ்கோ தனி அரசு. ஊர்ப்பெயரில் அவ்வளவு கவனம் காட்டிய வகுப்பின் குறிப்பேட்டிலேயே இந்தப் பிழை இருந்தது எனக்கு வருத்தமளித்தது. அதோடு, குடியுரிமை ஏடுகளில் இடம்பெறாத வேலைக்காரப் பெண்களையும் கூலியாட்களையும் பற்றி ஒரு மணி நேரமாவது பேசியிருக்க வேண்டும்.

ஆசிரியரிடம் இரண்டையும் சொன்னேன். குறிப்பேட்டைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டார். அடுத்த சுற்றுக்கு என் தங்கை மகளையும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இரண்டாம் ஞாயிறை மட்டும் தவறவிட வேண்டாம்.